முகத்துக்கும் ஓர் இஸ்னாத்: முகலாய உருவப்படங்களும் அவற்றின் படிகளும்

இந்திய வரலாற்று நூல்களைப் படித்து வளர்ந்தவர்களுக்கு முகலாய அரச குடும்பத்தாரின் முகங்கள் நெடுநாள் பழக்கமானவை. ஜஹாங்கீரின் தலையைச் சூழ்ந்த ஒளிவட்டம், ஷாஜஹானின் நரைத்த தாடி, முதுகு வளைந்து குர்ஆன் ஓதும் ஔரங்கசீப், கையில் மலரேந்திய மும்தாஜ் மஹல் என்று ஒவ்வொரு பெயரோடும் ஒரு முகம் நம் நினைவில் ஒட்டிக்கொண்டுள்ளது. நூலின் அட்டையில், நாட்காட்டியில், சுற்றுலா அஞ்சலட்டையில் அம்முகங்கள் மீண்டும் மீண்டும் அச்சாகின்றன. ஆயினும் அவற்றை எழுதியவர் யார், எழுதியவர் அந்த மனிதரை நேரில் கண்டாரா, நம் கைக்கு வந்திருப்பது மூலமா, படியா, படியின் படியா என்ற வினாக்களை நாம் எழுப்புவதே இல்லை.

இது வியப்புக்குரியது. ஏனெனில், எழுத்தில் வந்த செய்தியைப் பொறுத்தவரை முஸ்லிம் அறிவுலகம் உலகுக்கே முன்மாதிரியான ஒரு முறையை வகுத்தது. ஒரு ஹதீஸைக் கேட்டால் அதன் கருத்தை (மத்ன்) மட்டும் பார்ப்பதில்லை. அதைச் சுமந்து வந்த அறிவிப்பாளர் வரிசையையும் (இஸ்னாத்) ஆராய்கிறோம். யாரிடமிருந்து யார் கேட்டார், இருவரும் ஒரே காலத்தவரா, வரிசை எங்கேனும் அறுந்துள்ளதா என்று வினவிய பின்னரே செய்தியை ஏற்கிறோம். அந்தப் புனிதக் கலையை ஓவியத்தோடு சமமாக வைப்பது இக்கட்டுரையின் நோக்கமன்று. அதன் வினாக்களை மட்டும் கடன் பெற்று, முகலாய உருவப்படங்களை நோக்கித் திருப்பினால் என்ன தெரியவரும் என்பதே இங்கு ஆராயப்படுகிறது.

சொல்லால் எழுதிய முகம்

உயிருள்ளவற்றின் உருவம் வரைவோர், மறுமையில் தாம் வரைந்தவற்றுக்கு உயிர் கொடுக்குமாறு பணிக்கப்படுவர் என்ற கருத்துள்ள நபிமொழிகள் ஆதாரபூர்வமான தொகுப்புகளில் இடம்பெற்றுள்ளன. இவற்றின் எல்லை குறித்து ஃபிக்ஹு அறிஞர்களிடையே கருத்து வேறுபாடுகள் உண்டு. எவ்வாறாயினும், தொடக்க காலத்திலிருந்தே பொது வாழ்வில் முகத்தின் இடத்தை எழுத்து எடுத்துக்கொண்டது. உமையா கலீஃபா அப்துல் மலிக் இப்னு மர்வான் ஹிஜ்ரி 74 முதல் 77 வரை வெளியிட்ட தங்க தீனார்களில், வாளைப் பற்றியபடி நிற்கும் கலீஃபாவின் உருவம் பொறிக்கப்பட்டது. ஹிஜ்ரி 77இல் (கி.பி. 696-697) அவ்வுருவம் நீக்கப்பட்டு, நாணயத்தின் இருபுறமும் எழுத்துகளே நிறைந்தன. பின்வந்த பல நூற்றாண்டுகளுக்கு இஸ்லாமிய நாணயத்தின் பொது வடிவம் அதுவாகவே அமைந்தது.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் தோற்றத்தைச் சமுதாயம் சொற்களாலேயே பாதுகாத்தது. இமாம் திர்மிதீ தொகுத்த ‘ஷமாயில்’ அவர்களின் திருமுகம், தலைமுடி, நடை, புன்னகை ஆகியவற்றை அறிவிப்பாளர் வரிசையோடு தருகிறது. பதினேழாம் நூற்றாண்டில் உஸ்மானிய எழுத்தணிக் கலைஞர் ஹாஃபிஸ் உஸ்மான் (1642-1698) இவ்வருணனைகளை ‘ஹில்யா’ என்னும் அழகிய பலகை வடிவில் அமைத்தார். பிறர் வீட்டுச் சுவரில் உருவப்படம் தொங்கிய இடத்தில், உஸ்மானிய இல்லங்களில் ஹில்யா தொங்கியது.

சொல்லால் முகம் எழுதும் இவ்வழக்கம் அரசர்களிடமும் இருந்தது. முகலாய ஆட்சியை நிறுவிய பாபர் தம் நினைவுக் குறிப்பில் தந்தை உமர் ஷேக் மிர்ஸாவைச் சொற்களாலேயே தீட்டுகிறார்: குட்டையான, பருத்த உடல், வட்டமான தாடி, சதைப்பற்றுள்ள முகம், வயிற்றை உள்ளிழுத்து இறுகக் கட்டிய மேலாடை, மூச்சை விட்டதும் அறுந்துவிடும் அதன் நாடாக்கள். தந்தையை இவ்வளவு தெளிவாகக் காட்டிய பாபருடைய முகமோ நமக்கு அத்தனை உறுதியாகக் கிடைக்கவில்லை. இன்று அச்சிடப்படும் பாபர் படங்களில் பெரும்பாலானவை, அவருடைய நூல் 1589இல் பாரசீகத்தில் மொழிபெயர்க்கப்பட்டு அக்பரிடம் அளிக்கப்பட்டதையொட்டி எழுந்தவை. பாபர் மறைந்ததோ 1530இல். அவரைக் காணாத கைகள் தீட்டிய முகத்தைத்தான் நாம் பாபர் என்று அறிந்திருக்கிறோம்.

இஸ்தான்பூலில் ஒரு முன்னோட்டம்

முகலாயருக்கு முன்பே, நேரில் அமர்ந்து முகம் எழுதுவிக்கும் ஆர்வம் முஸ்லிம் அரசவை ஒன்றில் தோன்றியிருந்தது. கான்ஸ்டான்டிநோபிளை வென்ற சுல்தான் இரண்டாம் மெஹ்மத், வெனிஸ் நகருடன் 1479இல் உடன்படிக்கை கண்ட பின், அந்நகர அரசிடம் ஓர் ஓவியரைக் கேட்டுப் பெற்றார். அவ்வாறு வந்தவர் ஜென்டீலே பெல்லினி. அவர் பெயரால் வழங்கும் சுல்தானின் ஓவியத்தில் 1480 நவம்பர் 25 என்ற தேதி உள்ளது. ஆறு மாதங்களுக்குள் சுல்தான் காலமானார்.

இவ்வளவு தெளிவான தேதியுள்ள படம் வேறொன்றிருப்பது அரிது. ஆயினும் இதன் வரிசையிலும் இடைவெளி உண்டு. 1865இல் வெனிஸில் ஆங்கிலேயரான லேயார்டு இதனை வாங்குவதற்கு முன்னரே ஓவியம் பெரிதும் சிதைந்திருந்தது. முகத்தின் பெரும்பகுதி பிற்காலக் கைகளால் மீண்டும் தீட்டப்பட்டது என்று அதனை 1916 முதல் வைத்திருக்கும் லண்டன் தேசிய ஓவியக்கூடமே கூறுகிறது. பெயர் உண்மை, தேதி உண்மை. ஆனால் கண்ணையும் மூக்கையும் தொட்ட கை எது என்பது ஐயத்துக்குரியது. மூல ஓவியம் என்ற சொல்லையே எச்சரிக்கையோடு கையாள வேண்டும் என்பதற்கு இது போதிய சான்று.

அக்பரின் தஸ்வீர்கானா

இந்தியாவில் உருவப்படம் ஓர் ஒழுங்கான துறையாக வளர்ந்தது அக்பர் காலத்தில் (1556-1605). அவருடைய அவையின் வரலாற்றாசிரியர் அபுல் ஃபஸ்ல் ‘ஆயினே அக்பரி’யில் தஸ்வீர்கானா என்னும் ஓவியச்சாலையைப் பற்றி ஒரு தனிப்பகுதி எழுதியுள்ளார். வாரந்தோறும் ஓவியங்கள் அரசர்முன் வைக்கப்பட்டன. திறமைக்கேற்பப் பரிசும் ஊதிய உயர்வும் வழங்கப்பட்டன. அக்பர் தாமே தம் உருவை எழுதுவிக்க அமர்ந்தார் என்றும், அரசின் பெருமக்கள் அனைவருடைய சாயல்களையும் எழுதச் செய்தார் என்றும், இவ்வாறு மிகப்பெரிய தொகுப்பொன்று உருவாயிற்று என்றும் அவர் குறிப்பிடுகிறார். அத்தொகுப்பு முழுமையாக இன்று இல்லை. சிதறிய ஏடுகளே எஞ்சியுள்ளன.

மார்க்க அறிஞர்களின் மறுப்பை அக்பர் அறிந்திருந்தார். ஓவியன் ஒவ்வோர் உறுப்பாக வரைந்தும் தன்னால் உயிர் தர இயலவில்லை என்பதை உணர்கிறான். அதனால் உயிர் தருபவனை நினைக்க வேண்டியவனாகிறான் என்னும் கருத்தில் அவர் கூறிய விடையையும் அபுல் ஃபஸ்ல் பதிவு செய்துள்ளார். இவ்விளக்கத்தை உலமாக்கள் பொதுவாக ஏற்கவில்லை. நபிமொழியின் எச்சரிக்கையையே எடுத்துக்கொண்டு அதிலிருந்து வேறொரு முடிவுக்குச் செல்லும் அவ்வாதம், ஓவியச்சாலையும் மார்க்க விவாதத்துக்கு வெளியே நிற்கவில்லை என்பதைக் காட்டுகிறது.

நம் ஆய்வுக்கு மிகவும் பயன்படும் செய்தி வேறொன்று. அக்பர் காலத்து ஏடுகளின் அடியில் எழுத்தர்கள் சிறிய குறிப்புகளை எழுதினர். ‘தர்ஹ்’ என்றால் படத்தின் அமைப்பை வகுத்தவர். ‘அமல்’ என்றால் வண்ணம் தீட்டியவர். ‘சிஹ்ரா நாமீ’ என்றால் முகங்களை மட்டும் எழுதிய வல்லுநர். ஒரே ஏட்டில் மூவர் பெயரும் தனித்தனியே காணப்படுவது உண்டு. தனியாள் படங்களில் ‘ஷபீஹ்’ என்ற சொல் வரும். இன்னாருடைய சாயல், இன்னாருடைய வேலை என்பது அதன் வாய்பாடு. யாருடைய முகம், யார் கண்ட முகம் என்ற இரண்டையும் அச்சிறு குறிப்பு சொல்லிவிடுகிறது. படத்துக்கும் ஓர் இஸ்னாத் வேண்டும் என்ற உணர்வு அந்த ஓவியச்சாலையிலேயே இருந்தது எனலாம்.

தோலும் கரித்தூளும்

படியெடுத்தல் என்பதை இன்று நாம் போலி என்ற பொருளில் எடுத்துக்கொள்கிறோம். முகலாய ஓவியச்சாலையில் அது முறையான தொழிலாகவே இருந்தது. ஒளி ஊடுருவும்படி பதப்படுத்திய மெல்லிய மான்தோலை மூல ஓவியத்தின்மீது பரப்பிக் கோடுகளை எடுப்பர்; இதற்குச் ‘சர்பா’ என்று பெயர். பின்னர் அக்கோடுகளின் வழியே ஊசியால் நுண்துளைகள் இட்டு, புதிய தாளின்மீது வைத்து, கரித்தூள் நிறைந்த சிறு துணிப்பொட்டலத்தால் ஒற்றுவர். துளை வழியே இறங்கிய கரிப்புள்ளிகள் தாளில் முகத்தின் வரைகோட்டைத் தரும். பல தாள்களை ஒட்டி மெருகேற்றிய ‘வஸ்லி’ என்னும் கனத்த தாளில், அணில் மயிர்த் தூரிகையால் அதன்மேல் வண்ணம் ஏறும். ஆசிரியர் எழுதிய முகத்தின் சர்பா அவருடைய மாணவருக்கும், மாணவரின் மகனுக்கும் சொத்தாக இறங்கியது.

ஜஹாங்கீர் காலத்திலிருந்து முழுப் பக்கவாட்டு முகமே பெருவழக்காக ஆனதற்கும் இத்தொழில்முறைக்கும் பொருத்தம் இருப்பதைக் காணலாம். நெற்றி, மூக்கு, உதடு, தாடை ஆகிய அனைத்தும் ஒரே கோட்டில் அடங்கிவிடும் பக்கவாட்டு முகம், தோலில் எடுத்த பின்னும் சாயல் குன்றாமல் அடுத்த தாளுக்குச் செல்லும். முகம் நம்மை நோக்கித் திரும்பியிருந்தால் கண்ணின் ஆழமும் கன்னத்தின் நிழலும் ஒவ்வொரு படியிலும் மாறிவிடும்.

ஆயினும் இவ்வழியிலும் பிழை புகும். துளையிட்ட தோலைப் புரட்டிப் போட்டால் முகம் எதிர்ப்பக்கம் திரும்பும். அதனோடு ஆடையும் மாறிவிடும். முகலாய அவையில் ‘ஜாமா’ என்னும் மேலங்கியை முஸ்லிம்கள் வலப்புற அக்குளின் கீழும், இந்துக்கள் இடப்புற அக்குளின் கீழும் முடிச்சிட்டனர். தோல் புரண்டதை உணராமல் படியெடுத்தவர், ஒரு முஸ்லிம் அமீருக்கு இடப்புற முடிச்சைத் தந்துவிடுவார். அறிவிப்பாளரின் ஒரு சொல் தடுமாற்றத்தைக் கொண்டு வரிசையை ஐயுறும் ஹதீஸ் அறிஞரைப் போலவே, ஓவிய ஆய்வாளரும் இத்தகைய சிறு முடிச்சுகளில் கண் வைக்கிறார்.

ஜஹாங்கீரின் கண்

ஜஹாங்கீர் (ஆட்சி 1605-1627) தம் நினைவுக் குறிப்பில் ஒரு பெருமையைச் சொல்லிக்கொள்கிறார். பெயர் சொல்லாமல் எந்த ஓவியத்தைக் காட்டினாலும் அது யாருடைய வேலை என்று தம்மால் கூற முடியும். ஒரே முகத்தில் கண்ணையும் புருவத்தையும் வேறு வேறு கைகள் எழுதியிருந்தாலும் இரண்டையும் பிரித்துச் சொல்ல முடியும் என்கிறார். அரச மிகையுரையை நீக்கிப் பார்த்தாலும், கையைக் கண்டு ஆளை அறியும் பயிற்சி அவரிடம் இருந்தது தெளிவு. பல ஏடுகளில் ஓவியரின் பெயரை அவரே தம் கையால் எழுதியும் வைத்தார்.

அவர் சாயலைச் சாட்சியமாகவே கருதினார் என்பதற்கு மூன்று நிகழ்ச்சிகள் போதும். 1613இல் கான் ஆலம் தலைமையில் ஈரானுக்குத் தூதுக்குழு அனுப்பியபோது, முகம் எழுதுவதில் இணையற்றவர் என்று தாம் கருதிய பிஷன்தாஸையும் உடன் அனுப்பினார். ஷா அப்பாஸையும் அவருடைய பெருமக்களையும் நேரில் கண்டு எழுதிவருவதே அவருக்கு இட்ட பணி. தூதுக்குழு 1620இல் திரும்பியது. ஷாவின் படத்தை, அவரை அறிந்த பணியாளர்களிடம் காட்டியதாகவும், கண்ட ஒவ்வொருவரும் அது மிகப் பொருத்தமாக உள்ளதெனச் சொன்னதாகவும் ஜஹாங்கீர் எழுதுகிறார். பிஷன்தாஸுக்கு ஒரு யானை பரிசாயிற்று. கண்டவர் எழுதினார், கண்ட பிறர் உறுதி செய்தனர் என்ற இரட்டைச் சான்று அப்படத்துக்கு உண்டு.

இரண்டாவது, 1618ஆம் ஆண்டு நிகழ்ச்சி. அபினுக்கும் மதுவுக்கும் அடிமையாகி உடல் சிதைந்த இனாயத் கான் என்னும் அவை அலுவலர், விடைபெற அரசர்முன் கொண்டுவரப்பட்டார். எலும்பின்மேல் தோல் போர்த்திய அந்த உருவத்தைக் கண்டு திகைத்த ஜஹாங்கீர், ஓவியரை அழைத்து எழுதச் சொன்னார். மறுநாள் இனாயத் கான் இறந்தார். அப்போது எழுந்த கோட்டோவியம் பாஸ்டன் அருங்காட்சியகத்திலும், வண்ண ஓவியம் ஆக்ஸ்ஃபோர்டின் போட்லியன் நூலகத்திலும் உள்ளன. நினைவுக் குறிப்பின் எழுத்தும் ஓவியமும் ஒன்றையொன்று மெய்ப்பிக்கும் அரிய சான்று இது.

மூன்றாவது, இவற்றுக்கு மாறானது. ஏறத்தாழ 1618இல் அபுல் ஹஸன் தீட்டிய ஓவியத்தில், உலக உருண்டையின்மீது நின்று ஜஹாங்கீர் ஷா அப்பாஸைத் தழுவுகிறார். ஒருவர் காலடியில் சிங்கம், மற்றவர் காலடியில் ஆடு. இவ்விரு மன்னரும் வாழ்நாளில் ஒருமுறையும் சந்தித்ததில்லை. அரசர் கண்ட கனவு அது என்று ஓவியத்திலுள்ள எழுத்தே ஒளிவின்றிச் சொல்லிவிடுகிறது. பிஷன்தாஸும் அப்போது திரும்பியிருக்கவில்லை. 1622இல் ஷா அப்பாஸ் கந்தஹாரைக் கைப்பற்றினார். கனவில் கண்ட தழுவல் அத்தோடு பொருளிழந்தது. இன்று வாஷிங்டன் ஃப்ரீர் கலைக்கூடத்திலுள்ள அப்படத்தைக் குறிப்பின்றி அச்சிடும் நூல்கள், நடவாத சந்திப்பை நடந்ததாகக் காட்டிவிடுகின்றன. மூலம் பொய் சொல்லவில்லை; மூலத்தின் குறிப்பை நீக்கிய படிதான் பொய் சொல்கிறது.

மூலத்தையும் படியையும் வேறுபடுத்துவது எவ்வளவு கடினம் என்பதை ஆங்கிலத் தூதர் சர் தாமஸ் ரோ அஜ்மீரில் அறிந்தார். 1616இல் அவரிடமிருந்த ஒரு பெண்ணின் சிற்றோவியத்தைக் கண்ட ஜஹாங்கீர், தம் ஓவியர் அதைப் படியெடுத்தால் உரியவரே தம்முடையதை அடையாளம் காணமாட்டார் என்றார். சில நாட்களில் ஆறு படங்களை ஒரே பலகையில் வைத்து இரவில் காட்டினர், ஐந்து அவ்வோவியருடையவை. மெழுகுவர்த்தி ஒளியில் தம் படத்தைத் தேர்ந்தெடுக்கச் சற்றுத் தடுமாறியதாக ரோ தம் நாட்குறிப்பில் ஒப்புக்கொள்கிறார்.

கடல் கடந்த படிகள்

முகலாய முகங்கள் விரைவில் ஐரோப்பாவை அடைந்தன. டச்சு வணிகர் வழியாக ஆம்ஸ்டர்டாமுக்கு வந்த ஏடுகளை, நெதர்லாந்தை விட்டு ஒருபோதும் வெளியேறாத ரெம்பிராண்ட் ஏறத்தாழ 1656 முதல் 1661 வரை படியெடுத்தார். ஜஹாங்கீர், ஷாஜஹான், தாரா ஷிகோ முதலியோரைக் காட்டும் கோட்டோவியங்கள் உட்பட இருபத்துமூன்று இன்று எஞ்சியுள்ளன. ஆசியத் தாளில், வழக்கத்துக்கு மாறான பணிவோடும் நுட்பத்தோடும் அவர் இவற்றை வரைந்தார்.

அவற்றுள் ஒன்றில், மரத்தடியில் அமர்ந்து உரையாடும் முதியோர் நால்வர் உள்ளனர். அதை அடியொற்றி, நபி இப்ராஹீம் (அலை) வானவர்க்கு விருந்தளித்ததைக் கூறும் விவிலியக் காட்சியை ரெம்பிராண்ட் 1656இல் செதுக்கோவியமாக அமைத்தார். இந்திய ஷேக்குகளின் அமர்வு இவ்வாறு ஐரோப்பியரின் வேத விளக்கப் படமாயிற்று. அவருடைய படிக்கு மிக நெருங்கிய முகலாய ஓவியம் வியன்னாவின் ஷான்பிரன் அரண்மனையில் இருக்கிறது. பதினெட்டாம் நூற்றாண்டில் அங்கே முகலாய ஏடுகளை வெட்டி, துண்டுகளை விருப்பம்போல் இணைத்து, ஓர் அறையின் மரச்சுவரில் பதித்தனர். ஓர் ஏட்டின் மனிதர் மற்றோர் ஏட்டின் தோட்டத்தில் நிற்கிறார். பெயர் தாங்கிய ஓரங்கள் பலவும் கத்தரிக்கப்பட்டன. படம் எஞ்சியது, அதன் இஸ்னாத் போயிற்று.

சென்னையிலிருந்து ஒரு சாட்சி

படங்களின் வரிசையைப் பற்றிக் கவலைப்பட்ட ஐரோப்பியரும் உண்டு. அவர்களுள் ஒருவர் நம் மண்ணோடு தொடர்புடையவர். வெனிஸ் நகரத்தவரான நிக்கோலாவ் மனுச்சி 1656இல் இந்தியா வந்து, தாரா ஷிகோவின் பீரங்கிப் படையில் பணியாற்றி, பல அவைகளைக் கண்டு, 1686இல் சென்னைக்கு வந்து குடியமர்ந்தார். முகலாயர் வரலாற்றை விரிவாக எழுதிய அவர், அதற்காக மன்னர்களின் படத் தொகுப்பொன்றையும் செய்வித்திருந்தார். 1701இல் சென்னையிலிருந்து கையெழுத்துப் படியோடு ஐரோப்பாவுக்குச் சென்ற அத்தொகுப்பு இன்று பாரிஸில், பிரான்சின் தேசிய நூலகத்தில் உள்ளது. பாதிரியார் கத்ரூ 1705இல் அவர் எழுத்தைப் பயன்படுத்தித் தம் பெயரில் நூல் வெளியிட்டபோது மனுச்சி மிகவும் மனம் புண்பட்டார்.

தம் படங்களைப் பற்றி அவர் தரும் விளக்கம் நம் ஆய்வுக்குப் பொன்னானது. இளவரசர் ஷா ஆலமின் பணியிலிருந்த மீர் முஹம்மத் என்னும் நண்பர் வழியாக அவற்றைப் பெற்றதாகவும், அரண்மனை மூலங்களைப் பார்த்து எடுத்த படிகளே அவை என்றும் கூறுகிறார். பெயர், பதவி, மூலம் இருந்த இடம் ஆகிய மூன்றையும் குறிப்பிட்டுவிடுகிறார். அடுத்து அவர் எழுதுவது இன்னும் முக்கியமானது. அரசியர், இளவரசியர் படங்களைத் தாம் சேர்க்கவில்லை. அவர்கள் எப்போதும் திரைக்குப் பின்னால் இருப்பதால் காண இயலாது. யாரேனும் அத்தகைய படங்களைக் காட்டினால் ஏற்க வேண்டாம், அவை நடனப்பெண்கள் முதலியோரைக் கொண்டு ஓவியர் கற்பனையாக வரைந்தவை என்று எச்சரிக்கிறார். மனுச்சியின் வரலாற்றில் வதந்திகள் பல உண்டு. அவருடைய கூற்றுகள் அனைத்தையும் ஏற்க இயலாது. ஆனால் படங்கள் பற்றிய இவ்வெச்சரிக்கை பிற்காலத்தில் முற்றிலும் பலித்தது.

தந்தத்தில் பிறந்த அரசியர்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தில்லியில், வலுவிழந்த அரசவை ஓவியர்களைத் தாங்க இயலாத நிலையில் இருந்தது. குலத்தொழிலாக ஓவியம் கற்ற குடும்பங்கள் ஆங்கிலேய அலுவலரையும் பயணியரையும் நம்பி வாழத் தொடங்கின. இரு வகையான வேலைகள் பெருகின.

ஒன்று, பழைய ஏடுகளின் படி. நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் பெரும்பகுதி உள்ள கெவோர்க்கியன் தொகுப்பு இதற்கு எடுத்துக்காட்டு. ஜஹாங்கீர், ஷாஜஹான் காலத்து மெய்யான ஏடுகளோடு, பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதிய படிகளும் அதில் கலந்து கட்டப்பட்டிருந்தன. ஓர வேலைப்பாடு, வண்ணம், எழுத்தின் நடை ஆகியவற்றை ஏடு ஏடாக ஒப்பிட்டு ஆய்வாளர்கள் இரண்டையும் பிரித்தனர். இப்படிகள் பொய்யல்ல, மூலம் ஒன்று இருந்தது. மூலத்துக்கும் படிக்கும் இடையிலான காலத்தை மறைத்ததே குறை. ஹதீஸ் அறிஞர் சொல்லால் கூறுவதாயின் இவற்றைப் பலவீனமானவை (ளயீஃப்) எனலாம்.

மற்றொன்று, யானைத் தந்தத்தின் மெல்லிய தகட்டில் எழுதிய நீள்வட்டச் சிற்றோவியங்கள். மன்னர் வரிசையும் தாஜ்மஹால் காட்சியும் போல, ‘மும்தாஜ் மஹல்’, ‘நூர் ஜஹான்’ என்ற பெயரில் அரசியரும் இணை இணையாக விற்கப்பட்டனர். பதக்கத்தில் பதிக்கவும் பேழையின் மூடியில் வைக்கவும் பயணியர் அவற்றை விரும்பி வாங்கினர். இன்று நாம் மும்தாஜ் மஹல் என்று அறிந்துள்ள முகம் இந்தத் தந்தத் தகடுகளில் பிறந்தது. அவர் வாழ்ந்த காலத்தில் எழுதப்பட்டதென உறுதி செய்யப்பட்ட படம் ஒன்றேனும் இல்லை. அம்முகத்தின் வரிசையைப் பின்னோக்கித் தேடிச் சென்றால் தில்லிக் கடைத்தெருவோடு பாதை முடிந்துவிடுகிறது. இதற்குரிய சொல் இட்டுக்கட்டப்பட்டது (மவ்ளூஃ) என்பதே.

முகலாயப் பெண்கள் எவருமே எழுதப்படவில்லை என்று இதற்குப் பொருளன்று. துப்பாக்கி ஏந்தி நிற்கும் பெண்ணொருவரை அபுல் ஹஸன் தீட்டிய ஏடு ராம்பூர் ரஸா நூலகத்தில் உள்ளது. ஆய்வாளர் பலர் அவரை நூர் ஜஹான் எனக் கொள்வர். தாரா ஷிகோ தம் மனைவி நாதிரா பானு பேகத்துக்கு அன்போடு எழுதிக் கொடுத்த தொகுப்பு பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ளது. அதிலுள்ள இளம்பெண்களுக்குப் பெயர்க்குறிப்பு இல்லை. ஒருவேளை அவர்களுள் ஒருவர் நாதிராவாகவே இருக்கலாம். அதைச் சொல்லத்தக்க சாட்சி இல்லாததால் நேர்மையான நூல்கள் பெயரிடாமலே விடுகின்றன.

கடைசி முகம்

முகலாய மரபின் இறுதி மன்னருக்கு மட்டும் புதுவகையான சாட்சி ஒன்று கிடைத்தது. பஹதூர் ஷா ஜஃபரின் முகத்தை அவருடைய ஓவியர் குலாம் அலீ கான் அரச அணிகளோடு அரியணைக் கோலத்தில் எழுதினார். 1858இல், விசாரணை முடிந்து நாடு கடத்தலுக்குக் காத்திருந்த அதே மன்னரை ராபர்ட் டைட்லரும் சார்லஸ் ஷெப்பர்டும் ஒளிப்படம் எடுத்தனர். சாய்ந்து கிடக்கும் எண்பது வயதைத் தாண்டிய முதியவர், அருகில் ஹூக்கா, தளர்ந்த பார்வை. முகலாய மன்னர் ஒருவரின் ஒளிப்படம் இது ஒன்றே எனக் கருதப்படுகிறது. எடுத்தவர் பெயர், இடம், ஆண்டு அனைத்தும் தெரியும். ஆயினும் சாட்சி யாருடைய கையில் இருந்தது என்பதையும் மறக்கலாகாது. தோற்றவரைத் தோற்றவராகக் காட்ட விரும்பியோரின் கருவி அது. குலாம் அலீ கானின் ஓவியத்தையும் அதன் பக்கத்தில் வைத்தே ஜஃபரைப் பார்க்க வேண்டும்.

இன்று மூலத்தைத் தேடுவது முன்போல் கடினமன்று. நியூயார்க், வாஷிங்டன், லண்டன் நகரங்களின் அருங்காட்சியகங்கள் தம் ஏடுகளைப் பெரிதாக்கிப் பார்க்கத்தக்க வகையில் இணையத்தில் வைத்துள்ளன. எண்ணும் காலமும் ஓவியர் பெயரும் உடன் உள்ளன. அதே வேளையில், கணினியால் நொடியில் உருவாக்கப்பட்ட ‘முகலாய அரசியர்’ படங்களும் அதே இணையத்தில் பெயரோடு உலவுகின்றன. தந்தத் தகட்டுக்காவது பின்னால் ஓர் ஓவியரின் கை இருந்தது. ஆகவே பாடநூலோ மலரோ வெளியிடுவோர், படத்தின் அடியில் மூன்று செய்திகளைத் தருவது கடமை: எழுதியவர், எழுதிய காலம், மூலம் இருக்கும் இடம். இம்மூன்றில் ஒன்றும் தெரியாத படத்துக்கு ஒரு மனிதரின் பெயரைச் சூட்டுவது, அறிவிப்பாளர் இல்லாத செய்தியை அவர்மீது ஏற்றுவதாகும். தம் முகத்தை அயலார் காணாதவாறு வாழ்ந்து மறைந்த ஒரு பெண்ணுக்கு, யாரோ ஒருத்தியின் முகத்தைப் பொருத்துவது அதனினும் பெரிய பிழை.

மும்தாஜ் மஹல் 1631இல் புர்ஹான்பூரில், தம் பதினான்காவது குழந்தையைப் பெற்றபோது காலமானார். உலகில் மிகுதியாகப் படம் எடுக்கப்பட்ட கட்டடங்களுள் ஒன்று அவருடைய அடக்கத்தலம். அதனுள் அவர் முகம் எங்கும் இல்லை. அவருடைய கல்லறையின்மீது எழுத்து இருக்கிறது. அர்ஜுமந்த் பானு பேகம், மும்தாஜ் மஹல் என்று அழைக்கப்பட்டவர், ஹிஜ்ரி 1040 என்று அது கூறுகிறது. அவரை அறிந்தோர் அவரைப் பற்றிப் பொதுமக்கள் பார்வைக்கு விட்டுச்சென்ற சாயல் அவ்வளவே.